வயசு கூட்டும் கேக்

அன்று தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, மேசைக்குப் பின்னால், தலைமையாசிரியை. பள்ளிக்கூடமே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் அழைக்கும். ஆள் ஒல்லி, உயரமும் போதாது. குரல் ஒன்றுதான் பெயருக்குப் பொருத்தம். அவருக்கு வலப்பக்கம், கை வைத்த நாற்காலியில், மூன்றாம் வகுப்புக் கணக்கு சார். இடப்பக்கம், கை வைக்காத நாற்காலியில், ஒன்றாம் வகுப்பு டீச்சர். மேசைக்கு எதிரே, மர நாற்காலியின் நுனியில், லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் இருக்கும் கிரீஸ் நாற்காலியில் ஒட்டிவிடும் என்று அவருக்குப் பயம். சுவரோரப் பெஞ்சில் அவருடைய பிள்ளைகள்: மூன்றாம் வகுப்பில் படிக்கும் அண்ணன், ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தங்கை. தங்கைக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் பட்டாணி. பள்ளிக்கூடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் கால் தரைக்கு எட்டாது. காலில் தொங்கிய கறுப்பு ஷூ அண்ணனுடைய பழசு. ஆட்டினால் கழன்று விழுந்துவிடும் என்பதால் காலை ஆட்டாமல் வெகு கவனமாக உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவதாக ஒருத்தி இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் அம்மா. அவள் கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடிந்து அடுத்த வருஷக் கடைசியில்தான் திரும்புவாள்.

மேசை மேல் கல்வி அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பம் ஒன்று கிடந்தது. பட்டாணியை ஒன்றாம் வகுப்பிலிருந்து நேரே மூன்றாம் வகுப்புக்கு மாற்ற அனுமதி கேட்கும் விண்ணப்பம். அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று. பரிந்துரை செய்பவர் என்ற இடத்தில் கணக்கு சார், பேனா தாளைக் கிழிக்கும் வேகத்தில் போட்டிருந்தார். வகுப்பு ஆசிரியர் என்ற இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்துக்காகத்தான் இந்தக் கூட்டம்.

"நீங்க ஏம்மா இழுக்கறீங்க?" என்றார் பெரிய டீச்சர். "குழந்தை நல்லாப் படிக்குதுன்னு நீங்களே சொன்னீங்களே."

"நல்லாத்தான் படிக்கிறா மேடம்."

"அப்புறம் என்ன?" கணக்கு சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு இது சொந்த விஷயம். பட்டாணியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஒன்றாம் வகுப்பு நண்பகலில் விட்டுவிடும். மூன்றாம் வகுப்பு முடிய மூன்று மணியாகும். அப்பா வந்து கூட்டிப் போகும்வரை பட்டாணி, மூன்றாம் வகுப்பு சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள். உள்ளே வாய்ப்பாடு ஓடும். ஒருநாள் சார் தும்மலுக்காக நிறுத்தியபோது, வெளியிலிருந்து வாய்ப்பாடு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் ஒரு ஜோடி ரிப்பன்.

"மேடம், நீங்களே கேளுங்க. பட்டாணி, ஏழாம் வாய்ப்பாடு!"

பட்டாணி பெஞ்சிலிருந்து குதித்தாள். ஷூ ஒன்று பெஞ்சிலேயே தங்கிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு..." என்று மடை திறந்தாற்போல் கொட்டித் தீர்த்தாள். எங்கும் தட்டவில்லை. கடைசியில் மூச்சு வாங்கியபடி அப்பாவைத்தான் பார்த்தாள். அப்பாவின் முகம் கிரீஸையும் மீறிப் பளபளத்தது.

"பார்த்தீங்களா!" என்றார் சார். "என் வகுப்புலயே பாதிப் பேரு நாலாம் வாய்ப்பாட்டுல நொண்டி அடிக்கிறான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பாதிப் பேரில் அவனும் ஒருவன்.

டீச்சர் விண்ணப்பத்தின் காலி இடத்தைப் பார்த்தார். பதினோரு வருஷமாக ஒன்றாம் வகுப்பையே நடத்துகிறவர். மற்றவர்கள் மேல் வகுப்பு கேட்டு வாங்கிப் போவார்கள், இவர் கேட்டதில்லை. ஆறு வயசுப் பிள்ளைகள் பேசுவது தனிப் பாஷை, அதைப் பழகவே தனக்கு ஐந்து வருஷம் பிடித்தது, பழகியதை ஏன் விடவேண்டும் என்பார். அந்த அனுபவத்தில் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: வாய்க்குள் இருப்பதெல்லாம் தலைக்குள் இருப்பதாக அர்த்தம் இல்லை. ஆனால் அதை இப்போது, இந்த அப்பாவின் முகத்துக்கு நேரே, எப்படிச் சொல்வது?

"பட்டாணி, மூவேழு எவ்வளவு சொன்னே?"

"இருபத்தொண்ணு!"

"அப்போ ஏழு மூணு?"

பட்டாணியின் புருவம் சுருங்கியது. "அது மூணாம் வாய்ப்பாடுல்ல வரும்?" ஓர் மூணில் ஆரம்பித்து, விரலை மடக்கி மடக்கி, ஏழாவது விரலில் வந்து நின்றாள். கண் அகல விரிந்தது. "டீச்சர்! அதுவும் இருபத்தொண்ணு! ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு!"

"தற்செயலா வந்துடுச்சா?"

"ஆமா டீச்சர்!" என்றாள், லாட்டரி விழுந்தவள் மாதிரி.

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கணக்கு சார், "அது போகப் போக வந்துடும்," என்றார். குரலில் முதல் வேகம் இல்லை.

அதுவரை வாயே திறக்காத லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "டீச்சர், நான் படிச்சவன் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். லிஃப்ட்டுல ரெண்டாம் மாடிய விட்டுட்டு நேரா மூணாம் மாடிக்குப் போறதில்லையா?"

"போகுது. ஆனா ரெண்டாம் மாடி இல்லாம போகுதா, ரெண்டாம் மாடி வழியாப் போகுதா?"

லிஃப்ட்காரருடைய தொழிலில் அவரையே மடக்கினால் என்ன செய்வார்? சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே கரைந்தது.

"சரி டீச்சர், உள்ளதைச் சொல்லிடறேன். இவ மேதை ஆகணும்னு நான் கேக்கல. ரெண்டும் ஒரே வகுப்புன்னா ஒரே நேரத்துல விடுவாங்க. அதுக்குத்தான். மத்தியானம் இவளைக் கொண்டுபோய் எங்க வைக்கறது? வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிட்டுப் போறேன். கீழ் வாசல்ல என் பைமேல உக்காத்தி வைப்பேன். போன வாரம் என்ன பண்ணினா தெரியுமா? நான் லிஃப்ட்டுக் குழிக்குள்ள இறங்கி வேலை செஞ்சுட்டிருக்கேன். வாசல்ல 'பழுது'ன்னு பலகை மாட்டியிருக்கேன். மகாராணி அதைக் கழட்டி ஒளிச்சு வெச்சுட்டா. ஒருத்தரு வந்து பட்டனை அமுக்கறாரு. மெயின் சுவிட்சை அணைச்சிருந்ததால பொழச்சேன். மேனேஜர் என்னை நிக்க வெச்சுக் கேட்டாரு: இன்னொரு தடவை குழந்தையை இங்க பார்த்தேன்னா நீயும் குழந்தையோட வீட்லயே இருந்துக்கன்னு."

பட்டாணியின் உதடு பிதுங்கியது.

"விளையாட்டுத்தனம்," என்றார் பெரிய டீச்சர் மெதுவாக.

டீச்சர் எழுந்து பெஞ்சுக்குப் போய்ப் பட்டாணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பலகையை ஏன் கழட்டினே கண்ணு?"

"லிஃப்ட்டு சரியாகட்டும்னு."

"புரியலையே."

பட்டாணிக்கு டீச்சர் மேல் பரிதாபமாகக்கூட இருந்திருக்கலாம். பொறுமையாக விளக்கினாள். "அப்பா வந்ததும் பலகை மாட்டுவாரு. உடனே லிஃப்ட்டு ஓடாது. பலகையைக் கழட்டுவாரு. உடனே ஓடும். அன்னிக்கு அப்பாவுக்கு முதுகு வலி. அதான் நானே கழட்டிட்டேன்."

லிஃப்ட்காரர் மகளை முறைக்கப் போனவர், முறைக்காமல் நின்றுவிட்டார். போன வாரம் அவள் முதுகில் வைத்த அடி அவருடைய உள்ளங்கையில் இப்போது திரும்ப வந்திருக்க வேண்டும். கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

டீச்சருக்கு அப்போதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வரும், ஆளுக்கொரு துண்டு. பட்டாணி மட்டும் ரெண்டு கேட்பாள். ஒருதரம் பக்கத்துப் பையனை அழவைத்து அவனுடைய துண்டையும் வாங்கித் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். 'இவ்வளவு பேராசை ஆகாதும்மா' என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார் டீச்சர். பலகையைக் கழட்டினால் லிஃப்ட் சரியாகும் என்றால்...

"பட்டாணி, கேக் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"வயசு கூடும்."

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லூசு! கேக் சாப்பிட்டா வயசு கூடுமா? பிறந்தநாள் வந்தாத்தான் கூடும். கேக்கே வாங்காட்டியும் கூடும்."

"நீ சும்மாருடா! போன பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். அன்னிக்குத்தானே எனக்கு ஆறு ஆச்சு? அதுக்கு முந்தின நாள் அஞ்சுதானே இருந்துச்சு?"

"ரெண்டு துண்டு சாப்பிட்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"சீக்கிரம் கூடும்."

"மூணாம் வகுப்புக்குப் போனா?"

"உடனே எட்டு வயசு. அங்க இருக்கறவங்க எல்லாருக்கும் எட்டு." ஷூவைப் பார்த்தாள். "ஷூவும் சரியாப் பொருந்திடும்."

இப்போது சிரித்தது கணக்கு சார் மட்டும்தான். அதுவும் அன்பான சிரிப்பு. "எட்டு வயசாகறதுக்கு அப்படி என்னடி அவசரம் உனக்கு?"

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கும் பார்வை. அது அவர்கள் இருவருக்குள் உள்ள ரகசியம் என்று அவள் நினைத்திருந்தாள். அப்பாவுக்கு அப்படி ஒரு ரகசியம் இருப்பதே தெரியாது.

"அப்பாதான் சொன்னாரு. விமான நிலையத்துல. நான் வளர்ந்து பெரிசானதும் அம்மா வந்துடுவாங்கன்னு."

லிஃப்ட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அம்மா போய் மறைந்ததும் குழந்தை வீரிட்டது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவர் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். குழந்தை அழுகையை நிறுத்தியது. நிறுத்தியதும் வேலையில் இறங்கிவிட்டது: கேக் தின்றது, பெரிய ஷூ போட்டது, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை நெட்டுருப் போட்டது.

"ஐயோ, கண்ணு," என்றார்.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. பிறகு விண்ணப்பத்தை எடுத்து இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

"சார், உங்களுக்கு வருத்தமா?"

"வருத்தம் எதுக்கு மேடம்? ரெண்டு வருஷம் கழிச்சு எப்படியும் என்கிட்டதானே வரப்போறா." கணக்கு சார் பட்டாணியின் ரிப்பனைச் செல்லமாக இழுத்தார். "அதுவரைக்கும் வாய்ப்பாட்டை மறந்துராதே. நீ வர்றப்போ எனக்கு மறந்திருக்கும்."

"அப்ப மத்தியானம்?" என்றார் லிஃப்ட்காரர். கேட்கக் கூச்சப்பட்டார், கேட்காமலும் முடியாது. "மேடம், நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நான் இவளை எங்க விடுவேன்?"

"நான் மூணு மணி வரைக்கும் வகுப்புலதான் உக்காந்து நோட்டு திருத்தறேன்," என்றார் டீச்சர். "என்கூட இருக்கட்டும். வகுப்பு மாத்தறதுக்குத்தான் மேலேருந்து அனுமதி வேணும். பெஞ்சுல உக்காரறதுக்கு வேணாமே?"

பெரிய டீச்சர் யோசித்தார். "நோட்டு திருத்த விடுவாளா இவ?"

"விடமாட்டா."

"தெரிஞ்சே கேக்கறீங்க. சரி, நடக்கட்டும்."

மறுநாள் மதியமே டீச்சர் வேலையைத் தொடங்கினார். அம்மா வரும் நாள் பட்டாணிக்கு எங்கே இருக்கிறது? 'அடுத்த வருஷம்' என்றால் அவளுக்கு அது பக்கத்துத் தெருவா, பக்கத்து ஊரா என்றே தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தால், கையால் தொட்டால், பிடிபடும். பழைய பரீட்சைத் தாள்களை நீளநீளமாக வெட்டி, வளையம் வளையமாக ஒட்டி, ஒன்றில் ஒன்றைக் கோத்து இருவரும் ஒரு காகிதச் சங்கிலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வளையம். கடைசி வளையம் மட்டும் சிவப்பு. சங்கிலி, சிவப்பு வளையம் மாட்டிய சன்னல் கம்பியில் தொடங்கிக் கரும்பலகையைச் சுற்றி அலமாரி வரை போயிற்று.

"ஒரு ஞாயிறு போச்சுன்னா ஒரு வளையத்தைக் கிழிக்கணும். சிவப்பு வளையம் வந்துச்சுன்னா?"

"அம்மா வருவாங்க!"

"அம்மா வருவாங்க," என்றார் டீச்சர். தனக்கே தட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவருக்கு.

இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது திங்கட்கிழமை மதியம், டீச்சர் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிவிட்டு வகுப்புக்குள் வந்தபோது பட்டாணி இல்லை. அலமாரியில் சங்கிலியும் இல்லை. சன்னல் கம்பியில் ஒரே ஒரு சிவப்பு வளையம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பட்டாணியின் பெஞ்சுக்குக் கீழே கிழித்த வளையங்கள் குவியலாகக் கிடந்தன. கிழித்ததையும் கசக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்த்தியாக அடுக்கியிருந்தாள்.

டீச்சர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பட்டாணி வெளிக் கேட்டுக்கு உட்புறம் நின்றிருந்தாள். தலையை நனைத்து வாரியிருந்தாள்; முகத்தில் இன்னும் சொட்டு நீர். கம்பிக்குள் மூக்கை நுழைத்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சைக்கிள் போயிற்று. தண்ணீர் லாரி ஒன்று போயிற்று.

"எல்லாத்தையும் கிழிச்சுட்டேன் டீச்சர்," என்றாள் திரும்பாமல். "சிவப்பு வந்துடுச்சு. அம்மாதான் இன்னும் வரலை."

டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் சுடுதரையில் உட்கார்ந்தார். திட்ட எதுவும் இல்லை. தான் சொன்னதைத்தானே செய்திருக்கிறாள்! கேக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் காகிதத்தை வைத்தாயிற்று. பதினோரு வருஷம் இந்தப் பாஷையைப் பேசியும், நேற்று வந்தவர் மாதிரி தடுக்கி விழுந்தாயிற்று. பட்டாணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போடாமல், டீச்சரின் புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு அழுதாள்.

மூன்று மணிக்கு வந்த லிஃப்ட்காரரிடம் நடந்ததைச் சொன்னார். "தப்பு என்னுது. நாள் போறதாலதான் வளையம் குறையுதுன்னு நாம நினைக்கிறோம். அவளுக்கு, வளையம் குறையறதாலதான் நாள் போகுது."

"பலகை மாதிரியே."

"பலகை மாதிரியே."

லிஃப்ட்காரர் கிழிந்த வளையங்களைக் கையில் எடுத்துப் புரட்டினார். அவருக்குப் பொருள் கையில் இருந்தால்தான் யோசனை ஓடும். "டீச்சர், லிஃப்ட்டுல பெட்டி மட்டும் தனியாத் தொங்காது. கம்பியோட இன்னொரு முனையில ஒரு பாரம் தொங்கும். பெட்டி மேல போனா அது கீழ வரும். அது மேல போனா பெட்டி கீழ வரும். ஒண்ணு நகராம இன்னொண்ணு நகராது." ஒரு வளையத்தை மேசையின் இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் வைத்தார். "இவகிட்ட ஒரு முனைதான் இருக்கு. இன்னொரு முனை எங்க?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அவங்க அம்மாகிட்ட இருக்கணும்."

"அதைத்தான் நானும் நினைச்சேன். இவ மட்டும் இங்க எத்தனை கிழிச்சாலும் அம்மாகிட்ட இருக்கறது குறையாதே."

"ஞாயித்துக்கிழமை போன்ல பேசறீங்கல்ல?"

"தவறாம."

"அப்போ ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிழிக்கட்டும். அம்மா கிழிக்காம இவ கிழிக்கக்கூடாது. இவ கிழிக்காம அம்மாவும் கிழிக்கக்கூடாது."

அந்த வாரம் முழுவதும் மதியத்தில் பசை வேலை. கிழித்ததையெல்லாம் ஒட்டினார்கள், அதே நீளத்தில் இன்னொரு சங்கிலியும் செய்தார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று பட்டாணி எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாகப் போட்டு, ஒவ்வொரு வளையத்துக்கும் ஜோடி வளையத்தைத் தொட்டுக்கொண்டே தவழ்ந்து போனாள். கடைசியில் சிவப்பும் சிவப்பும் சந்தித்தன. "சரியா இருக்கு," என்று எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். கணக்கு சார் அந்தப் பக்கம் போனவர் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டியபடி போனார். மறுநாள் மூன்றாம் வகுப்பில் அவர் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் புளியங்கொட்டையைக் கொடுத்து வரிசை வரிசையாக அடுக்கச் சொன்னதாக அண்ணன் வந்து சொன்னான். "ஏழு வரிசை மூணு மூணா வெச்சோம் டீச்சர். அப்புறம் பக்கவாட்டுல நின்னு பாருங்கடான்னாரு. பார்த்தா மூணு வரிசை ஏழு ஏழு! நாலாம் வாய்ப்பாடும் எனக்கு வந்துடுச்சு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் நான்கு பேரும் ஒன்றாம் வகுப்பில் கூடினார்கள். டீச்சர் தன் நாற்காலியில். அண்ணன் சன்னல் மேடையில். லிஃப்ட்காரர் முதல் பெஞ்சில், முட்டி இரண்டும் முகவாய்க்கு வந்து இடிக்க. பட்டாணி அவருடைய பெஞ்சின் மேல்பலகையிலேயே சம்மணமிட்டு. அவள் சொல்லச் சொல்ல அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். கையை இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தும் தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அச்சு விழுந்திருந்தது.

"அம்மா, சங்கிலியை நீங்க பாட்டுக்குக் கிழிக்கக்கூடாது," என்று சொன்னாள் பட்டாணி. "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவேன். அப்பத்தான் கிழிக்கணும். சீக்கிரம் வரணும்னு ஆசையா இருக்கும். இருந்தாலும் கிழிக்கக்கூடாது. நான் ஒருதரம் கிழிச்சேன். நீங்க வரலை."

பேனா நின்றது. பிறகு மெல்ல ஓடியது.

"அப்புறம்?" என்றார் அப்பா, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அப்புறம் நான் ஒண்ணாம் வகுப்புலயேதான் இருக்கேன். இங்கேயே வாங்க. வேற வகுப்புக்குப் போய்த் தேடாதீங்க."

சங்கிலியைத் தட்டையாக மடித்துக் கடிதத்தோடு உறைக்குள் வைத்தார்கள். உறை கர்ப்பிணி மாதிரி உப்பிக்கொண்டது. அன்று வகுப்பில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள். மேசை மேல் கேக் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. பட்டாணி அன்று ஒரே துண்டுதான் வாங்கியிருந்தாள் என்பதை டீச்சர் கவனித்திருந்தார்.

அண்ணன் விளையாட்டாகச் சொன்னான்: "ஏய், அம்மாவுக்கு இந்தக் கேக்கையும் உள்ள வெச்சு அனுப்பலாமா?"

"ஐயோ வேணாம்!" பட்டாணி இரண்டு கையாலும் உறையின் வாயைப் பொத்தினாள். "சாப்பிட்டா அம்மாவுக்கு வயசாயிடும்!"

"இன்னும் நீ அதை விடலையா, லூ..."

டீச்சர் அவனைப் பார்த்தார். அவன் வாய் பாதியில் நின்றது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே பெஞ்சுல உக்காந்துட்டு, டீச்சர் ராத்திரியெல்லாம் அந்த அலமாரிக்குள்ளதான் தூங்கறாங்கன்னு உங்க அம்மாகிட்ட சொன்னது யாருடா?"

"நானா? போங்க டீச்சர், சும்மா சொல்றீங்க."

"எனக்கு ஒரு போர்வைகூடக் கொண்டுவந்து கொடுத்தே."

லிஃப்ட்காரர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, கேக்கைப் பற்றி ஏதோ விளக்கப்போனவர், டீச்சரை ஒருதரம் பார்த்தார். டீச்சர் பசைப் புட்டியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"முதல்ல உறையை ஒட்டுங்க. அந்தக் கேக் நினைப்பு தானாப் போயிடும்."

அவர் பசை தடவினார். பட்டாணி உறையின் மேல் ஏறி உட்கார்ந்து நன்றாக ஒட்டும்வரை எழுந்திருக்க மறுத்தாள். விலாசத்தை அண்ணன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினான். நால்வருமாகக் கேட்டைத் தாண்டித் தெரு முனைக்கு நடந்தார்கள். பட்டாணியின் காலில் அவளுடைய சொந்தச் செருப்பு. நடக்கும்போது சத்தமே இல்லை.

தபால் பெட்டியின் வாய் உயரத்தில் இருந்தது. அண்ணன் கையை நீட்டினான். பட்டாணி உறையைக் கொடுக்கவில்லை. நுனிக்காலில் நின்று பார்த்தாள். எட்டவில்லை.

"நான் சின்னதா இருக்கேன்ல," என்றாள். "தூக்குங்கப்பா."

அவர் தூக்கினார். பட்டாணி உறையை உள்ளே தள்ளி, அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கும்வரை பெட்டியின் வாய்க்குள் கையை விட்டபடியே இருந்தாள்.